வைத்தியர் கேட்கட்டும், பிள்ளை பேசட்டும்!

(வடமராட்சியில் வைத்தியர்களும் ஆசிரியர்களும் விவசாயப் பெருமக்களும் கூடியிருந்த சனசமூக நிலையக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



கஞ்சாவைப் பற்றிப் பேசுவதற்காக இன்று நாம் இங்கு கூடியிருக்கின்றோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுபற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. பத்திரிகையைப் புரட்டினால் ஒரு நாள் ஒரு கரையோரக் கிராமத்தில் பொதி பிடிபட்ட செய்தி. மறுநாள் இன்னொரு கரையோரக் கிராமத்தில் படகு பிடிபட்ட செய்தி. மாதகலும் வல்வெட்டித்துறையும் பருத்தித்துறையும் நெடுந்தீவும் கடலோடிகளின் திறமைக்குப் பெயர்பெற்ற ஊர்கள். அவ்வூர்களின் பெயர்கள் இன்று இச்செய்திகளோடு சேர்த்துப் பேசப்படுவது நம் நெஞ்சை வருத்துகின்றது.

ஆனால், பிடிபட்ட பொதியைப் பற்றிப் பேசுகின்ற நாம், பிடிபடாத பொதி யாருடைய கைக்குப் போய்ச் சேர்கின்றது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதில் ஒரு பங்கு பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்கின்றது. அந்தப் பிள்ளையை முதலிற் சந்திக்க வேண்டியவர் யார்? பொலிசாரா? வைத்தியரா? இதுவே இன்று நம் முன்னுள்ள கேள்வி. வைத்தியரே சந்திக்க வேண்டும் என்பது நமது துணிபு. அதுவும் பிள்ளை கெட்டழிந்த பின்னர் அன்று; காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் மருந்தெடுக்க வருகின்ற சாதாரண நாளிலேயே சந்திக்க வேண்டும்.

கடல் கடந்து வந்த பொருள்

ஒரு காலத்தில் நம் செம்மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்த வாணிகத்தால் வாழ்ந்த குடும்பங்கள் இங்கு பல. இன்று அதே கடல் வழியே, எதிர்த்திசையில், ‘கேரளக் கஞ்சா’ என்னும் பெயரோடு வேறொரு இலை வந்திறங்குகின்றது. பெயர்தான் கேரளம். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிற் பயிராகித் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, பாக்குநீரிணையை ஓர் இரவிற் கடந்து வருவதே அதிற் பெருமளவு. இங்கிருந்து தெற்குக்கும் போகின்றது. ஆனால், ஆறு பாய்கின்ற வழியில் நிலம் நனையாதிருக்குமா? கடத்தலுக்கு வழியாய் அமைந்த ஊரிற் பாவனையும் வேரூன்றிவிடுகின்றது.

கஞ்சா எப்போதும் புகையாகவே வருவதில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். ‘மாவா’ என்று பாக்கோடு கலந்து விற்கப்படுகின்ற பொருளிலும் அது கலக்கப்படுவதுண்டு. அதனை வாயில் அடக்கிக்கொள்கின்ற மாணவனிடம் புகையின் மணம் இராது; சட்டைப் பையில் நெருப்புப் பெட்டியும் இராது. ‘என் பிள்ளை சிகரெட்டைத் தொட்டும் பார்த்ததில்லை’ என்று தாய் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். ஆயினும் பிள்ளை கஞ்சாவுக்குப் பழகியிருக்கலாம்.

நம் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் இதனைத் தொடுவதில்லை. ஆதலால், பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் கெட்டுவிட்டார்கள் என்று ஒப்பாரி வைப்பது நம் நோக்கமன்று. அது பொய், அதனால் விளையும் நன்மையும் இல்லை. தொட்ட சிலரை இழந்துவிடாதிருப்பது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டியது.

இளமைக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை?

சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் கஞ்சா மருந்தாகப் பயன்பட்டதே, அதில் என்ன தீங்கு என்று கேட்போர் உளர். நம் வைத்திய நூல்கள் அதனைச் சுத்தி செய்து, அளவறிந்து, நோயறிந்து கொடுக்கச் சொல்லின. வைத்தியர் கையிலுள்ள மருந்தும் ஒழுங்கை முடக்கிற் கிடைக்கின்ற பொட்டலமும் ஒன்றாகா.

மனித மூளை இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகிய ஆற்றல்களுக்குரிய பகுதியே கடைசியில் முதிர்கின்றது. அந்த வளர்ச்சியின் நடுவே கஞ்சா புகுமாயின் நினைவும் கவனமும் தளர்கின்றன. கஞ்சாவை எப்போதாவது பாவித்தோருள் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு அடிமைப்படுகின்றனர் என்றும், பதின்ம வயதில் தொடங்கியோருள் ஆறில் ஒருவர் அவ்வாறாகின்றனர் என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். சுவீடன் நாட்டில் 1969, 1970 ஆம் ஆண்டுகளிற் படைக்குச் சேர்க்கப்பட்ட 45,000 க்கு மேற்பட்ட இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேற் கஞ்சா பாவித்தோரிடையே மனச்சிதைவு நோய், பாவியாதோரிடையே கண்டதைப்போல் ஆறு மடங்கு காணப்பட்டது. 1987 இல் வெளிவந்த இம்முடிவு, கஞ்சா பாவிப்போர் எல்லோருக்கும் சித்தம் கலங்கும் என்று கூறவில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அந்நோய் வரவில்லை. எனினும், குடும்பத்தில் மனநோய் இருக்கின்ற பிள்ளைக்கு இது எத்துணை ஆபத்தான விளையாட்டு என்பதை எண்ணிப் பார்க்க இது போதும்.

இதனைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர் யார்? தந்தை சொன்னால் ஏச்சாகின்றது. அதிபர் சொன்னால் மிரட்டலாகின்றது. பொலிசார் சொன்னால் வழக்காகின்றது. வைத்தியர் சொன்னால் மட்டுமே அது மருத்துவமாகின்றது.

பொலிஸ் நடவடிக்கை எதுவரை?

சட்டம் இல்லாமலில்லை. நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929 ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. 1984 இல் அது கடுமையாக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்னும் பெயரால் நாடெங்கும் பெருந்தேடுதல் தொடங்கிப் பல்லாயிரக் கணக்கானோர் கைதாயினர். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் அந்நடவடிக்கை குறித்துக் கவலை தெரிவித்தது. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கும் அனுப்பலாம். ஆனால் அத்தகைய புனர்வாழ்வு நிலையங்களின் நிலை என்ன? பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டில் 2022 ஜூன் மாதம் மோதல் மூண்டு ஒருவர் உயிரிழந்ததையும், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதையும் நாடு அறியும்.

கடத்தற்காரரைப் பிடிப்பது பொலிசாரின் கடமை. அதனை அவர்கள் தயவு தாட்சணியமின்றிச் செய்யட்டும். கரையில் இறங்குகின்ற பொதிகளின் பின்னாலுள்ள பெரும்புள்ளிகளைப் பிடிக்கட்டும். ஆனால், பொட்டலத்தோடு அகப்பட்ட பதினாறு வயதுப் பையனை நீதிமன்றத்தில் நிறுத்துவதால் நாம் அடைவது என்ன? பரீட்சை போகின்றது. நாளைக்கு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ பொலிஸ் நற்சான்று கேட்பார்களே என்ற அச்சம் வாழ்நாள் முழுதும் தொடர்கின்றது. ஊர் வாய் மூடுவதில்லை. இத்தனை இழந்த பின்னர், முன்பு கஞ்சா கொடுத்த அதே நண்பனைத் தவிர அவனுக்கு வேறு துணை யார்?

மிளகாய்த் தோட்டம் செய்கின்ற விவசாயிக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கன்றின் இலை சுருளத் தொடங்கிய அன்றே அவர் குனிந்து பார்க்கின்றார். தோட்டம் முழுவதும் பட்டுப்போன பின்னர் வேலியிற் காவல் வைப்பதில்லை.

பிள்ளை வைத்தியரிடம் வருகின்ற நாட்கள்

நம் நாட்டில் ஒரு நற்பேறு உண்டு. பிள்ளையைத் தேடி வைத்தியர் போகின்ற முறை இங்கு நெடுங்காலமாக இருக்கின்றது. 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்த நாள்தொட்டு வளர்ந்த ஏற்பாடு அது. இன்று சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். உயரம், நிறை, கண், காது, பல், இருதயம் யாவும் பார்க்கப்படுகின்றன. ஏழாம் வகுப்பில் ஊசி போடப்படுகின்றது. பத்தாம் வகுப்பு என்பது பதினைந்து வயது. நாம் அஞ்சுகின்ற வயது அதுவே.

பாடசாலைக்கு அப்பாலும் சந்தர்ப்பங்கள் பல. தலையிடி என்று வருகின்றான். விளையாட்டுப் போட்டிக்கு உடற்றகுதிச் சான்று வேண்டி வருகின்றான். மோட்டார் சைக்கிளில் விழுந்து காயத்துக்கு மருந்து கட்ட வருகின்றான். தொய்வு கூடி வருகின்றான். நித்திரையில்லை, படிப்பு ஏறவில்லை என்று தாய் அழைத்து வருகின்றாள். அடிக்கடி சத்தியெடுக்கின்றான், வெந்நீரிற் குளித்தால்தான் சுகம் என்கின்றான். நெடுநாள் கஞ்சா பாவிப்போருக்கு இவ்வாறான வாந்தி நோய் வருமென்பதைத் தென் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் 2004 இல் விவரித்தனர். அதனை அறியாதவிடத்து, ‘காஸ்ரிக்’ என்று மருந்து கொடுத்து அனுப்ப நேரிடும். நோய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த ஒவ்வொரு வருகையும் ஒரு வாயில். அந்த வாயிலைத் திறப்பதற்கு வேண்டியது ஐந்து நிமிடமும் ஒரு கேள்வியுமே.

எவ்வாறு கேட்பது?

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. தாயும் தந்தையும் பக்கத்தில் நிற்கையில், ‘நீ கஞ்சா பாவிக்கிறாயா?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளை ஆமென்னும்? ஆதலால் முதலில் வைத்தியர் பெற்றோரைப் பார்த்து, ‘அம்மா, இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரோடும் நான் சிறிது நேரம் தனியே கதைப்பது வழக்கம், வெளியே இருங்கள்’ என்று சொல்லவேண்டும். எல்லோரோடும் என்ற சொல் இங்கு முக்கியமானது. சந்தேகத்தின் பேரில் ஒருவனை மட்டும் கேட்டால் அது குற்றச்சாட்டு. எல்லோரையும் கேட்டால் அது வைத்தியம். பெண்பிள்ளைகளையும் கேட்கவேண்டும்.

அடுத்து, ‘தம்பி, நீர் சொல்வது இந்த அறைக்கு வெளியே போகாது. உம்முடைய உயிருக்கோ மற்றவருடைய உயிருக்கோ ஆபத்து, அல்லது உம்மை யாரேனும் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும், உமக்குச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வேன்’ என்ற வாக்குறுதியைக் கொடுக்கவேண்டும். கொடுத்த வாக்கைக் காக்கவும் வேண்டும்.

அதன் பின்னரே கேள்வி. கடந்த ஒரு வருடத்தில் மது, கஞ்சா, மாவா, வேறெதுவும் எத்தனை முறை என்று, காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பதுபோற் கேட்கவேண்டும். அமெரிக்காவிற் பொஸ்ரன் நகரக் குழந்தை மருத்துவமனையில் இதற்கென ஆறு கேள்விகளை வகுத்துள்ளனர். போதையிலிருந்தவர் ஓட்டிய வாகனத்தில் ஏறியதுண்டா? மனம் ஆறுவதற்காகவோ கூட்டத்தோடு ஒத்துப்போவதற்காகவோ பாவித்ததுண்டா? தனிமையிற் பாவித்ததுண்டா? செய்தது மறந்துபோனதுண்டா? வீட்டாரோ நண்பரோ குறைக்கச் சொன்னதுண்டா? அதனாற் சிக்கலில் மாட்டியதுண்டா? இவற்றின் பொருள் இதுவே. இரண்டுக்கு ஆமென்றால் மேலும் கவனிக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட அளவு. காருக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளை வைத்துக் கேட்டால் முதற்கேள்வி யாழ்ப்பாணத்துக்கே எழுதியதுபோலாகும்.

‘தொடவில்லை’ என்று சொன்ன பிள்ளையை, ‘நல்லது, அப்படியே இரும்’ என்று பாராட்டி அனுப்பலாம். ஒருமுறை இருமுறை தொட்ட பிள்ளைக்கு, மூளைக்கு நேர்வதை எளிய தமிழில் இரண்டு நிமிடம் விளக்கலாம். அடிக்கடி பாவிக்கின்ற பிள்ளையிடம், ‘இதில் உமக்குக் கிடைப்பது என்ன? நீர் இழப்பது என்ன?’ என்று கேட்டு, அவன் வாயாலேயே மறுமொழியை வரச் செய்யவேண்டும். இரண்டு கிழமையில் திரும்பி வரச் சொல்லவேண்டும். தேவைப்படின், அவன் சம்மதத்தோடு மனநல வைத்தியரிடம் அனுப்பவேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன.

மறுப்போர்க்கு விடை

இதற்குத் தடை கூறுவோர் மூவகையினர்.

‘என் பிள்ளையின் செய்தியை என்னிடமிருந்து மறைக்க வைத்தியர் யார்?’ என்கின்றனர் சில பெற்றோர். பெற்றோரின் துயரம் நமக்குத் தெரியும். தோட்டத்தில் முதுகு வளைந்து உழைத்து, கடன்பட்டு ரியூசனுக்கு அனுப்புகின்ற தகப்பனுக்கு அறியும் உரிமை உண்டு. ஆனால் இரகசியம் இல்லையென்றால் பிள்ளை எவரிடமும் சொல்லான். தகப்பனும் அறியார், வைத்தியரும் அறியார், விற்பவன் ஒருவனே அறிவான். நல்ல வைத்தியர் பிள்ளையைக் கொண்டே பெற்றோருக்குச் சொல்லவைப்பார். பிள்ளைக்குத் தெரியாமற் சிறுநீரைச் சோதிக்கச் சொல்வதும் வேண்டா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அதனை ஏற்பதில்லை. அச்சோதனை, கஞ்சா உடலிற் புகுந்ததைக் காட்டும். அது புகுந்த காரணத்தைக் காட்டாது. அது குலைத்த நம்பிக்கையோ எளிதில் திரும்பி வாராது.

‘கேட்டாற் பிள்ளைக்கு இல்லாத ஆசை வந்துவிடும்’ என்கின்றனர் வேறு சிலர். பாடசாலை வாசலிற் பெயர் சொல்லி விற்கப்படுகின்ற பொருளை வைத்தியரின் வாயாலா பிள்ளை புதிதாக அறியப்போகின்றான்?

‘இதனாற் பயன் உண்டென்பதற்குச் சான்று எங்கே?’ என்கின்றனர் கற்றோர். இது நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடையிறுப்போம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாமுறையை வைத்து இந்தியா, பிறேசில், அவுஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில், பதினாறு வயது முதல் முதியோர் வரை 731 பேரிடம் நடத்திய ஆய்வு 2012 இல் வெளிவந்தது. சாதாரண வைத்திய நிலையங்களிற் சில நிமிடம் பேசியதாற் பாவனை குறைந்ததென்று மொத்தத்திற் கண்டனர். அமெரிக்காவில் மட்டும் அப்பயன் தென்படவில்லை. அந்நாட்டு நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020 இல், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரைக் கேட்கலாம், சிகிச்சைக்கு வழி இருக்குமிடத்துக் கேட்கலாம் என்றது; அதற்குக் குறைந்த வயதினர் விடயத்திற் சான்று போதாது என்றது. குழந்தை மருத்துவர் கழகமோ பதின்ம வயதினரையும் கேட்கவே சொல்கின்றது. ஆகவே இது சர்வரோக நிவாரணி அன்று. ஆயினும், சான்று போதாதென்பது தீங்கென்பதாகாது. கேட்பதற்கு ஆகும் செலவு ஐந்து நிமிடம். கேளாதிருந்து ஒரு பிள்ளையை இழந்தால் அந்தச் செலவுக்குக் கணக்கில்லை.

தமிழிற் பேசிக் குணப்படுத்தவேண்டிய நோய்

இங்கே ஓர் அரசியல் உண்மையையும் கூறாதிருக்க முடியாது. புண்ணுக்கு மருந்து பூச மொழி வேண்டியதில்லை. இந்நோய்க்கு மொழியே மருந்து. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைப் பயிற்றினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது இயலுமாயிருந்தது. இன்று ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தன் மொழி வழங்காத தொலைதூர நிலையத்துக்கு அனுப்பி, அங்கே திருந்தி வா என்பது எவ்வகை நீதி?

போரின் வடுவும் இதிற் கலந்திருக்கின்றது. குடும்பமும் ஊரும் ஒருங்கே புண்பட்டதைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் நெடுங்காலம் எழுதிவந்துள்ளார். 2009 இன் பின் பிறந்த பிள்ளை போரைக் காணவில்லை. ஆயின் அதனைக் கண்டவர்களின் மௌனத்துக்குள்ளே வளர்கின்றது. அதனைக் கேட்டறிய, அதன் வீட்டையும் ஊரையும் அறிந்த வைத்தியர் வேண்டும்.

1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் சுகாதாரத்தையும் கல்வியையும் மாகாணத்துக்குரிய விடயங்களாக்கிற்று. 2013 இல் நாம் தெரிந்தெடுத்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி ஆளுநர் ஆட்சியே நடந்தது. நம் பிள்ளையின் நோய்க்கு நாமே திட்டம் வகுக்கும் அதிகாரம் இருந்தும் இல்லாததாயிற்று. அதற்காக நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. கேள்வி கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையன்று.

நாம் வேண்டுவன

வைத்தியப் பெருமக்களை நாம் வேண்டுவது: பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையோடும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தனியே பேசுங்கள். 2022 இன் நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டனர் என்பதையும், எஞ்சியோர் முன் வரிசை நீள்கின்றது என்பதையும் நாம் அறிவோம். தனியார் மருந்தகத்தில் மாலையில் நோயாளரைப் பார்க்கின்றவர்களும் இதிற் பங்கேற்றாற் சுமை பகிரப்படும்.

பெற்றோரை வேண்டுவது: வைத்தியர் வெளியே இருக்கச் சொன்னால் முகம் சுளிக்காது எழுந்து செல்லுங்கள். திரும்பி வருகையில், ‘என்ன கேட்டார்?’ என்று துருவாதீர்கள்.

அதிபர்களை வேண்டுவது: பிடிபட்ட மாணவனைப் பாடசாலையிலிருந்து நீக்குவதை முதல் தண்டனையாக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை நாளிற் கதவுள்ள ஓர் அறையை வைத்தியருக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

அரசாங்கத்தைக் கேட்பது: தேடுதலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை நம் ஆதார வைத்தியசாலைகளிலே தமிழ் அறிந்த மனநல உத்தியோகத்தரை நியமிப்பதற்கு ஒதுக்குங்கள். கேட்டபின் அனுப்புவதற்கு இடமில்லையென்றாற் கேள்வி வீணாகும்.

பெரியோர்களே! கடலுக்கு வேலி கட்ட நம்மால் இயலாது. ஒவ்வொரு படகையும் மறிக்க எந்தக் கடற்படையாலும் இயலாது. ஆனால், இன்னும் சில நாட்களில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு காய்ச்சலுக்கோ காயத்துக்கோ வைத்தியரிடம் போகும். அன்று அந்த அறையின் கதவு ஐந்து நிமிடம் மூடியிருக்கட்டும். உள்ளே ஒருவர் அன்போடு கேட்கட்டும். ஒருவன் அச்சமின்றிப் பேசட்டும்.